வேலைக்கு ஆள் இல்லையா? உங்கள் தெருவிலேயே இருக்கிறார்

கம்பம் பள்ளத்தாக்கில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது ஆள் பற்றாக்குறைதான். விடிவதற்குள் ஜீப்கள் வந்து தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடுகின்றன. மிச்சம் இருப்பவர்களை வைத்துத்தான் திராட்சைக் கவாத்தும் வாழைத்தார் வெட்டும் நடக்க வேண்டும்.

அந்த ஜீப்பில் ஏற முடியாதவர்களும் அதே ஊரில் இருக்கிறார்கள். போலியோவில் கால் சூம்பியவர், தென்னையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர், கதிரடிக்கும் இயந்திரத்தில் கையைக் கொடுத்தவர், காது கேளாதவர். இவர்களில் பலர் மண்ணிலேயே வளர்ந்தவர்கள். பயிரைப் பார்த்ததும் நோய் சொல்லக்கூடியவர்கள். ஆனாலும் ‘முன்னே விவசாயம் பார்த்தவர்’ என்றுதான் அவர்களைப் பற்றிப் பேசுகிறோம்.

‘அவரால் என்ன வேலை செய்ய முடியும்?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, உங்கள் தோட்ட வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர் திராட்சையையே எடுத்துக்கொள்வோம். பந்தலுக்குக் கீழே கையைத் தூக்கியபடி குலை வெட்டுவதற்குக் காலில் வலு வேண்டும். வெட்டிய குலையில் அழுகல், வெடிப்பு, காய்ந்த பழங்களைக் கத்தரியால் நீக்கிப் பெட்டியில் அடுக்குவதற்கு விரலும் கண்ணும் போதும். இன்று இரண்டையும் ஒரே ஆள் செய்கிறார். அடுக்கும் வேலையை நிழலில் ஒரு மேஜைக்கு மாற்றினால், நிற்கக்கூடியவர்கள் வெட்டிக்கொண்டே போகலாம். வேலையும் சீக்கிரம் முடியும். போடியில் ஏலக்காய் தரம் பிரிப்பதும் அப்படித்தான். சல்லடையில் அளவு பிரித்த பிறகு, வெடித்த காயையும் நிறம் மங்கிய காயையும் உட்கார்ந்த இடத்தில் கையால்தான் பொறுக்குகிறார்கள். பூக்கட்டுவதைச் சொல்லவே வேண்டாம்.

எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது குழித்தட்டு நாற்றங்கால். தக்காளி, மிளகாய், கத்தரி என்று நம் பகுதியில் நாற்றுக்குத் தேவை உண்டு. 98 குழி உள்ள தட்டில் தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை வைத்து மூட வேண்டும். வரிசைக்கு 7, நீளத்துக்கு 14. பார்வையற்றவர் விரலால் வரிசை எண்ணிக்கொண்டே விதை போடலாம். இரண்டு நாள் பழகினால் போதும்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மேஜை அமைக்கும்போது அளவு முக்கியம். மேல்தளம் தரையிலிருந்து 75 செ.மீ. இருக்கட்டும். முழங்கால் உள்ளே போக அடியில் 70 செ.மீ. காலியாக விடுங்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வேலை செய்தால் அகலம் 60 செ.மீ.க்கு மேல் வேண்டாம், கை எட்டாது. இரண்டு பக்கமும் வழி இருந்தால் 120 செ.மீ. வரை போகலாம். நடைபாதை 120 செ.மீ. அகலத்தில் கல் பாவியோ சிமென்ட் போட்டோ இருக்க வேண்டும். ஈரக் களிமண்ணில் சக்கரம் உருளாது. சாய்தளம் ஒரு அடி உயர 12 அடி நீளம் வேண்டும். நம் ஊர்களில் பெயருக்குக் கட்டிய சாய்தளங்கள் பல, ஆடு ஏறத்தான் லாயக்கு.

காளானும் நல்ல தொழில். 30 முதல் 35 டிகிரி வெப்பம் பால் காளானுக்கு ஒத்துப்போவதால் கம்பம், சின்னமனூர்ப் பக்கம் வெயில் காலத்திலும் வளர்க்கலாம். தொங்கும் உறிகளைத் தலைக்கு மேல் ஏற்றாமல் தாழ்வாகக் கட்டுங்கள். சிப்பிக் காளான் குடிலில் வித்துத்தூள் மூச்சுக்கு ஒவ்வாமை தரும் என்பதால் முகக்கவசம் கட்டாயம்.

காது கேளாதவரை வேலைக்கு வைத்தால், முதல் நாளே பத்துப் பதினைந்து கைச்சைகைகளை அவரிடமிருந்து நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவருக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை, தினமும் அதே இடம், அதே வரிசை. பூச்சிமருந்துப் பக்கம் மட்டும் விடவே கூடாது.

முதுகுத்தண்டு அடிபட்டவர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். உணர்ச்சி இல்லாத இடத்தில் அழுத்தம் தொடர்ந்தால் படுக்கைப்புண் வரும். வந்தால் ஆற மாதங்கள் ஆகும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். எனவே நல்ல மெத்தை இருக்கை வேண்டும். கால் மணி முதல் அரை மணிக்கு ஒருமுறை கையை ஊன்றி உடலைத் தூக்க வேண்டும். அடி மேல்முதுகில் என்றால் உடல் சரியாக வியர்க்காது, வெயிலில் சூடு ஏறிவிடும். நிழலும் தண்ணீரும் அவருக்குச் சலுகையல்ல. அதேபோல் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை. அது இல்லாததாலேயே வீட்டோடு நின்றுபோன பெண்கள் எத்தனையோ பேர்.

கூலியில் குறைக்காதீர்கள். பெட்டிக்கு இவ்வளவு, தட்டுக்கு இவ்வளவு என்று பேசினால் மற்றவருக்குத் தரும் அதே விலையை இவருக்கும் தாருங்கள். 100 நாள் வேலையில் மாற்றுத்திறனாளிக்கு 4 மணி நேர வேலைக்கு முழுக் கூலி என்று 2012இல் தமிழக அரசு ஆணையே போட்டது. அதையும் பல இடங்களில் போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். 1975இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981இல் சொந்த ஊரில் தொடங்கியது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கிராமம் கிராமமாக வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருவது அவர்களின் வழி. ஜப்பானில் விவசாயத்தையும் மாற்றுத்திறனாளி நலனையும் சேர்த்து ‘நோஃபுகு’ என்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் பங்கெடுத்து விளைவித்த பொருளுக்கு 2019 முதல் தனித் தரமுத்திரையே இருக்கிறது. நம் திராட்சைப் பெட்டிக்கும் அப்படி ஒன்று வந்தால் என்ன?

சொந்தமாகத் தொழில் தொடங்க விரும்புவோர் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். ஊரகத்தில் மாற்றுத்திறனாளிக்கு 35 சதவீத மானியம். கையிலிருந்து போட வேண்டியது 5 சதவீதம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் விவசாய நில ஒதுக்கீட்டுத் திட்டங்களில் 5 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. இது பலருக்குத் தெரியாது. இவற்றுக்கெல்லாம் தேசிய அடையாள அட்டை வேண்டும். இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். கிராம ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றம் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. களத்துமேட்டுக்குச் சாய்தளம், சந்தைக்குக் கழிப்பறை என்று கேட்பதற்கு ஊராட்சியிலேயே ஒரு குரல் கிடைக்கும்.

காளான், நாற்றங்கால் பயிற்சிக்குக் காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையத்தையும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியையும் கேளுங்கள். சக்கர நாற்காலியில் வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். வகுப்பைத் தரைத்தளத்தில் வைக்க அவர்களுக்கு வசதியாக இருக்கும்.