உங்களுக்குத் தெரியுமா? திருவாரூர் தீட்சிதரும் அயர்லாந்து மெட்டும்

அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் மாலோ என்றோர் ஊர். அங்கே குடித்துக் கூத்தடித்த இளவட்டங்களைப் பற்றி 18ஆம் நூற்றாண்டில் எழுந்த பாட்டு ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’. அந்த மெட்டில்தான் இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் மீனாட்சியம்மனைப் பாடுகிறார்கள்!

திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இளமையில் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தார். புரவலர் சின்னையா முதலியார், தீட்சிதர் குடும்பத்தைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப்போய் வெள்ளைக்காரர் பேண்டு வாத்தியத்தைக் கேட்கவைத்தாராம். தம்பி பாலுசுவாமி வயலினைப் பிடித்துக்கொண்டார். கர்நாடக சங்கீதக் கச்சேரிக்கு அது வந்து சேர்ந்ததில் அவர் பங்கு பெரிது. அண்ணனோ மெட்டுகளைப் பிடித்துக்கொண்டார். அவற்றுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் எழுதி, தம் ‘குருகுஹ’ முத்திரையும் வைத்தார். அயர்லாந்து மெட்டுக்கு அமைந்தது ‘வந்தே மீனாக்ஷி’. பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டுக்கு ‘ஸந்ததம் பாஹிமாம்’. குறும்புதான்!

சுமார் 40 உருப்படிகள் கொண்ட இவற்றுக்கு ‘நோட்டுஸ்வரம்’ என்று பெயர். எல்லாம் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களில் அமைந்தவை. மேலை இசையின் மேஜர் ஸ்கேலும் அதே ஏழு ஸ்வரம்தான். ஸ்வரங்களை அசைத்துப் பாடும் கமகம் கிடையாது, நேர்நடை. ஒரு ராகத்தை மணிக்கணக்கில் இழைக்கக்கூடியவர் செய்த வேலை என்று நம்புவது கடினம்.

அதே காலத்தில் தஞ்சை அரண்மனையில் இரண்டாம் சரபோஜியும் (ஆட்சி 1798–1832) மேலைநாட்டு பேண்டு வைத்திருந்தார்.