மலை ஏறுவதற்கு முன் பத்து வாரங்கள்

"சிவனொளிபாதமலைக்கு ஒருக்கால் போவமா?" என்று எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டபோது எல்லோரும் சிரித்தோம். கிளிநொச்சியில் வாழும் எங்களுக்கு உயரமான இடம் என்றால் குளக்கட்டுத்தான். ஆனால் அந்தப் பேச்சு அடுத்த கூட்டத்திலும் வந்தது. 2023 பெப்ரவரியில் போவதென்று முடிவாகி, பதினைந்து பேர் பெயர் கொடுத்தோம். ஆயத்தத்துக்குப் பத்து வாரங்கள் இருந்தன. மலையில் நின்ற ஒரு நாளை விட அந்தப் பத்து வாரங்களில் நாங்கள் கற்றுக்கொண்டது அதிகம். எம்மைப் போன்ற சகோதரிகளுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகின்றேன்.

இம்மலையின் உயரம் 2,243 மீற்றர். உச்சியில் உள்ள பாதச் சுவடு சிவனுடையது என்று இந்துக்களும், புத்தருடையது என்று பௌத்தர்களும் வணங்குகின்றனர். இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் அதனை ஆதாமுடன் தொடர்புபடுத்துவர். டிசெம்பர் போயா முதல் மே மாத வெசாக் போயா வரை யாத்திரைக் காலம். அப்போது பாதையில் வெளிச்சமும் தேநீர்க் கடைகளும் இருக்கும். மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் சென்று ஏறும் பாதை குறுகியது, ஆனால் செங்குத்தானது. 5,000க்கும் மேற்பட்ட படிகள். ஏறத்தாழ 1,000 மீற்றர் ஏற வேண்டும்.

பலரும் சூரிய உதயம் காண இரவில் ஏறுவார்கள். நாங்கள் பகலையே தெரிவு செய்தோம். இருட்டில் சனக்கூட்டத்தோடு நடப்பது எங்களில் சிலருக்கு முடியாத காரியம். ஏன் என்று எவரும் எவரிடமும் கேட்கவில்லை.

முதலில் கிளினிக்

இரத்த அழுத்தம், நீரிழிவு, தொய்வு உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் புறப்படக் கூடாது. எங்களில் இருதய வருத்தம் உள்ள ஒருவரை ஏற வேண்டாம் என்றார் வைத்தியர். அவர் அழுதார். பிறகு, "நான் கீழே நிண்டு உங்களுக்குச் சமைச்சு வைக்கிறன்" என்று எங்களோடு வந்தார். முழங்காலில் செல் துண்டு உள்ள ஒரு தங்கச்சிக்கு, வலி கூடினால் உடனே நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

சமதரையில் மலைப் பயிற்சி

முதல் மூன்று வாரங்கள் மாலையில் அரை மணி நேரம் குளக்கட்டில் நடந்தோம். பிறகு அதை ஒரு மணி நேரமாக்கினோம். நான்காவது வாரத்திலிருந்து அதிபரின் அனுமதியோடு பாடசாலை மாடிப்படியில் ஏறி இறங்கினோம். அதில் 22 படிகள். பத்துத் தடவையில் தொடங்கி ஐம்பது தடவை வரை வந்தோம். கணக்குப் பார்த்தால் அதுவும் 1,100 படிதான்.

ஏறும்போது பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். முழங்கால் நோவு பெரும்பாலும் இறங்கும்போதுதான் வரும். ஆகவே தடி ஊன்றி, சிறிய அடி வைத்து மெதுவாக இறங்கப் பழகினோம். கடைசி வாரம் கால்களுக்கு ஓய்வு.

பையில் இருந்தவை

புதுச் சப்பாத்தை மலைக்கே போட்டுச் செல்லக் கூடாது. இரண்டு வாரமாவது போட்டுப் பழக வேண்டும். கால் நகங்களை வெட்டிக்கொள்ள வேண்டும். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், ஜீவனிப் பைக்கற், வாழைப்பழம், அவித்த கடலை, எள்ளுருண்டை, பனங்கட்டி கொண்டு போனோம். 1,000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு பாகை குறையும். வியர்வையில் நனைந்த உடுப்போடு காற்றில் நின்றால் நடுக்கம் வரும். அதனால் உலர்ந்த மேற்சட்டை ஒன்றையும் சால்வையையும் பொலித்தீன் பையில் சுற்றி வைத்தோம்.

மலசலகூடத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது பெண்களாகிய எம்மிடம் உள்ள பழக்கம். மலையில் அது ஆபத்து. யாத்திரைக் காலத்தில் வழியில் மலசலகூடங்கள் இருக்கும். மாதவிடாய்த் துணிகளும் எல்லோர் பையிலும் இருந்தன. அந்த நாட்களில் பாதம் உள்ள இடத்துக்குப் போவதா என்பதை அவரவர் மனதுக்கே விட்டோம்.

மூன்று கட்டுப்பாடுகள்

மெதுவாக நடப்பவர் முன்னால் நடக்க வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கே நின்றாலும் அங்கிருந்து திரும்ப வேண்டும். எவரும் தனியே திரும்பக் கூடாது.

மூன்றாவது கட்டுப்பாட்டை நான்தான் கேட்டேன். 2009இல் நாங்கள் நடந்த நடையில் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் பின்தங்கினார். "நீங்கள் போங்கோ பிள்ளை, நான் வாறன்" என்றார். என் கையில் குழந்தை இருந்தது. நான் போனேன். அவர் வரவில்லை. இதை அன்றுதான் முதன்முதலாகக் கூட்டத்தில் சொன்னேன். வேறு சிலரிடமும் இதே போன்ற கதைகள் இருந்தன.

அன்று அதிகாலை ஐந்தரைக்குப் படியேறத் தொடங்கினோம். முழங்கால் நோவுள்ள தங்கச்சி முன்னால் நடந்தாள். பதினொரு மணிக்கு உச்சி தெரியும் இடத்தில் அவள் இருந்துவிட்டாள். "அக்கா, நீங்கள் எல்லாரும் போங்கோ, நான் இதிலை இருக்கிறன்" என்றாள். அந்தச் சொல் எனக்குப் பழகிய சொல். நானும் அவளோடு இருந்துகொண்டேன். தேநீர் குடித்துவிட்டு இருவரும் மெல்ல இறங்கினோம்.

மற்றப் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு மணிக்கு முன் உச்சியை அடைந்தார்கள். எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை தரம் அங்குள்ள மணியை அடிப்பது வழக்கம். அவர்கள் ஆளுக்கு ஒரு தரம் அடித்தார்களாம். மாலையில் பதினைந்து பேரும் ஒன்றாக இருந்து, அக்கா சமைத்து வைத்த சோற்றைச் சாப்பிட்டோம்.

நான் இன்னும் அந்த மணியை அடிக்கவில்லை. அது எனக்குக் குறையாகவும் தெரியவில்லை. மாலையில் நாங்கள் இப்போதும் குளக்கட்டில் நடக்கின்றோம். உங்கள் ஊரிலும் ஒரு குளக்கட்டோ வயல் வரம்போ இருக்கும். நாளைக்கு அரை மணி நேரம், துணைக்கு ஒருத்தி. அது போதும், தொடங்குங்கள்.