பச்சைப் பெட்டி சொல்லாத கறுப்பு

இந்த எபிசோடில கொலனோஸ்கோப்பிக்கு உதவுற ஏஐ பற்றிக் கதைச்சோம். 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதித்த ஜிஐ ஜீனியஸ், கமரா அனுப்புற வீடியோவை உடனுக்குடன் பார்த்து, பொலிப் மாதிரித் தெரியிற இடத்தில பச்சைப் பெட்டி போடும். அது என்ன, ஏன் வந்தது எண்டு தீர்மானிக்கிறது டொக்டர்தான்.

ஆனா குடலின் உள்தோலில பொலிப் இல்லாத மாற்றங்களும் வரும். அதில ஒண்டு மெலனோசிஸ் கோலை. இளஞ்சிவப்பா இருக்கவேண்டிய பெருங்குடல் மண்ணிறமா, சிலருக்குக் கறுப்பா, பாம்புத்தோல் மாதிரித் தெரியும். படத்தைப் பார்த்தா நெஞ்சு திக்கெண்டும். ஆனா இது புற்றுநோய் இல்லை. பெயரில மெலனின் இருந்தாலும் உண்மையில் அது லிபோஃபுசின் என்ற நிறமி. சில பேதி மருந்துகளில உள்ள அந்த்ராகுவினோன், உள்தோல் கலங்களைச் சாகடிக்கும். அந்த மிச்சத்தை விழுங்கிற கலங்களில நிறம் தேங்கிவிடும்.

அந்த மருந்துகளில முக்கியமானது சென்னா, தமிழில நிலாவாரை. உலகச் சந்தையில அதின் ஒரு பெயரே 'திருநெல்வேலி சென்னா'. தமிழ்நாட்டுத் திருநெல்வேலி, எங்கட தின்னவேலி இல்லை!

சென் ஜேம்ஸ் ரவுணில வளர்ந்த எங்களில கனபேர் டொக்டரிட்ட அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்த்தவை. "என்ன மருந்து எடுக்கிறீங்கள்?" எண்டு கேட்டா அம்மா பிரஷர் குளிசையைச் சொல்லுவா. நிலாவாரைப் பொடியைச் சொல்லமாட்டா, ஏனெண்டா அவவுக்கு அது மருந்தே இல்லை. அதால கேள்வியை இப்பிடி மாத்துங்கோ: "வெளிக்குப் போறதுக்கு என்ன குடிக்கிறனீங்கள்?" மெலிய வைக்கிற தேயிலைப் பைகளிலயும் சென்னா இருக்கலாம், பெட்டியைத் திருப்பி வாசியுங்கோ.

அந்த ஒரு பதில் டொக்டருக்குப் பெரிய உதவி. இரத்தோட்டம் குறைஞ்சாலும் குடல் கறுக்கும், அது ஆபத்தானது. சந்தேகம் வந்தா சின்னத் துண்டு எடுத்து நுண்ணோக்கியில பார்ப்பினம். சென்னாவை நிறுத்தினா கறுப்பு பெரும்பாலும் சில மாதங்களில, சிலருக்கு ஒரு வருஷமளவில, மங்கும். ஆனா டொக்டர் எழுதித் தந்ததைக் கேட்காமல் நிறுத்தாதேங்கோ.

இன்னொண்டு: அடினோமா வகைப் பொலிப்பில இந்த நிறம் பொதுவா ஏறாது. கறுத்த குடலில அது வெளிறித் தெரியும், கண்டுபிடிக்கிறதும் லேசு.

ரிப்போட்டில இந்தப் பெயரைக் கண்டாப் பதறவேண்டாம். ஆனா இரத்தம் போறதையோ காரணமில்லாமல் மெலியிறதையோ இதின் தலையில கட்டிவிடவும் வேண்டாம். மெலனோசிஸ் கோலை அதைச் செய்யாது. அதுக்கு வேற காரணம் தேடச் சொல்லிக் கேளுங்கோ.