கரிசல் மண்ணும் பென்சீன் வளையமும்

பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டி வரை பரந்து கிடக்கும் கரிசற் காட்டைக் கோடையிற் கண்டவர்கள் அதன் வெடிப்புகளை மறக்கமாட்டார்கள். கால் நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும் அந்நிலம், ஐப்பசி மழை இரண்டு பெய்துவிட்டால் மிதித்த காலைப் பற்றிக்கொள்ளும் சேறாகிவிடும். இலக்கியம் பயில்வோர்க்கு இக்கரிசல், இடைசெவல் தந்த கி. ராஜநாராயணனின் எழுத்துகளால் அறிமுகமானது. வேதியியல் பயில்வோர்க்கோ அது வேறொரு பாடத்தை வைத்திருக்கிறது. மின்சுமை தாங்கிய அயனிக்கும், மின்சுமையே இல்லாத பென்சீன் வளையத்துக்கும் என்ன உறவு என்பதே அப்பாடம்.

பென்சீனை 1825இல் மைக்கேல் ஃபாரடே பிரித்தெடுத்தார். 1865இல் கெக்குலே அதற்கு வளைய வடிவம் கூறினார். ஆறு கார்பன் அணுக்கள், ஒவ்வொன்றுடனும் ஒரு ஹைட்ரஜன், யாவும் ஒரே தளத்தில் அமைந்த தட்டையான அறுகோணம். ஆறு எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் தனியுடைமையாகாமல் வளையத்தின் மேலும் கீழும் பொதுச் சொத்தாகப் பரவியுள்ளன. மூலக்கூறு முழுவதையும் நோக்கினால் சுமை சுழியே. ஆயினும் அதன் இரு முகங்களிலும் எதிர்மின் தன்மை சற்று மிகுதி. ஹைட்ரஜன்கள் அமைந்த விளிம்பில் நேர்மின் தன்மை சற்று மிகுதி. எனவே நேர்மின் அயனி ஒன்று நெருங்கினால், விளிம்பை விடுத்து வளையத்தின் நடுவுக்கு நேர் மேலே வந்து அமர்கிறது.

இவ்வீர்ப்பு அற்பமானதன்று. 1981இல் கனடாவில் கெபார்லேயும் அவர் குழுவினரும் இதனை வளிம நிலையில் அளந்தனர். பொட்டாசியம் அயனியிடமிருந்து ஒரு நீர் மூலக்கூறைப் பிரிக்க மோலுக்கு ஏறத்தாழ 18 கிலோ கலோரி தேவைப்பட்டது. ஒரு பென்சீனைப் பிரிக்க ஏறத்தாழ 19. அப்படியானால் பொட்டாசியம் குளோரைடு பென்சீனில் கரையாதது ஏன் என்று மாணவர் வினவலாம். நியாயமான வினாவே. நீர் மூலக்கூறு சிறியது. பல ஒன்றுகூடி அயனியைச் சூழ்ந்துகொள்ளும். பருத்த பென்சீனுக்கு அங்கே அத்தனை இடமில்லை. மேலும், குளோரைடு அயனியை அரவணைக்க நீரால் இயலும், பென்சீனால் இயலாது. ஒருவருக்கொருவர் போட்டியில் சமநிலை. கூட்டம் சேர்ந்தால் வெற்றி நீருக்கே.

இப்போட்டியை நம் கரிசலிலேயே காணலாம். இம்மண்ணில் மிகுந்துள்ள களிமண் கனிமம் மாண்ட்மொரில்லோனைட். ஏட்டுச்சுவடி போல் அடுக்கடுக்காய் அமைந்தது. அதன் ஏடுகளில் அலுமினியம் இருக்கவேண்டிய சில இடங்களில் மக்னீசியம் அமர்ந்திருப்பதால் எதிர்மின் சுமை மிஞ்சுகிறது. அதனை ஈடுசெய்யக் கால்சியம், மக்னீசியம், சோடியம் ஆகியவற்றின் அயனிகள் ஏடுகளுக்கிடையே தங்கியுள்ளன. மழைநீர் இவ்வயனிகளைச் சூழ்வதற்கென உள்ளே புகும்போது ஏடுகள் விலகி மண் உப்புகிறது; நீர் நீங்கினால் சுருங்கி வெடிக்கிறது.

1969இல் அமெரிக்காவில் டோனர், மார்ட்லண்ட் என்னும் இருவர் இதே கனிமத்தில் பிற அயனிகளை நீக்கித் தாமிர அயனிகளை ஏற்றினர். ஈரம் அறவே நீங்க உலர்த்திப் பென்சீன் ஆவியைச் செலுத்தினர். களிமண் சிவந்தது! வளையம் தன் எலக்ட்ரான்களைத் தாமிரத்தோடு பகிர்ந்து, தனக்கே உரிய இயல்பிலிருந்தும் திரிந்திருந்தது. ஈரம் பட்டதும் அச்சிவப்பு நீங்கிற்று.

நம் வயலில் இச்சிவப்பைத் தேடவேண்டா. இங்கு மிகுந்திருப்பது கால்சியம். அதுவும் நீர் சூழ்ந்த கால்சியம். பெட்ரோலில் பென்சீன் கலந்துள்ளது. நிலத்தடித் தொட்டி கசிந்தால், அயனிகளை இறுகப் பற்றும் இக்கரிசல் பென்சீனைப் பற்றும் என்று நம்பியிருக்க இயலாது. கோடை வெடிப்புகளோ அதற்கு வழியாகிவிடும். இரத்தப் புற்றுநோய் விளைவிக்கும் இப்பொருள் குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

நீர் எப்போதும் வெல்வதில்லை. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலினும் ஒரு நேர்மின் அயனியே. ஆனால் பருமனானது, அதன் நேர்மின் சுமை மெத்தில் தொகுதிகளிடையே பரவியிருப்பதால் நீர் அதனை இறுகப் பற்றுவதில்லை. வேலை முடிந்த அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியின் வடிவம் 1991இல் வெளியாயிற்று. அயனியைப் பிடிக்க அங்கே எதிர்மின் சுமைகள் திரண்டிருக்கும் என்பதே பலருடைய எதிர்பார்ப்பு. கண்டதோ, ஆழ்ந்த குறுகிய பள்ளமும் அதன் சுவரில் பென்சீனை ஒத்த 14 அரோமேட்டிக் அமினோ அமிலங்களும்!

பருத்திக் காட்டு உழவர்க்கு இச்செய்தி தொலைவானதன்று. பல்லாண்டுகளாகப் பருத்திக்குத் தெளிக்கப்பட்டுவந்த மோனோகுரோட்டோபாஸ் முதலிய கரிம பாஸ்பரஸ் மருந்துகள் இப்பள்ளத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு நொதியை முடக்குகின்றன. சிதைபடாத அசிட்டைல்கோலின் தேங்குகிறது. வாயில் நீர் பெருகும், கண்மணி சுருங்கும், மூச்சு திணறும். மருத்துவர்கள் அட்ரோப்பினோடு சேர்த்துக் கொடுப்பதுண்டான பிராலிடாக்சிம் என்னும் மருந்தும் ஒரு நேர்மின் அயனியே. வளையங்கள் சூழ்ந்த அப்பள்ளத்துள் அது நுழைந்து, ஒட்டிய நஞ்சைப் பெயர்த்தெடுக்க முயல்கிறது. நேரம் கடந்துவிட்டால் அப்பிணைப்பு இறுகிவிடும். பின்னர் அம்மருந்தாலும் பெயர்க்க இயலாது.