தமிழ் என்ற சொல்லில் எத்தனை எழுத்து?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் த, மி, ழ் என்று விரல் மடக்கி மூன்று என்று சொல்லிவிடும். அதே கேள்வியை உங்கள் கணினியின் உலாவியிடமும் கேட்டுப் பாருங்கள். குரோமிலோ ஃபயர்பாக்ஸிலோ எஃப்12 விசையை அழுத்தினால் ஒரு பலகை திறக்கும். அதில் கன்சோல் என்ற பகுதிக்குப் போய், தமிழ் என்ற சொல்லை மேற்கோள் குறிகளுக்குள் எழுதி, ஒரு புள்ளி வைத்து, ‘லெங்த்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து என்டர் தட்டுங்கள். 5 என்று பதில் வரும்.

உலாவி எண்ணுவது யூனிகோடு குறிகளை. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகியவை அதன் கணக்கில் ஐந்து தனித்தனிக் குறிகள். நாம் ஒரே எழுத்தாகப் பார்க்கும் ‘மி’ அதற்கு இரண்டு.

தமிழில் இணையதளம் நடத்துகிறவர்களுக்கு இது விளையாட்டுக் கணக்கு இல்லை. பதிவுப் படிவத்தில் பெயருக்குப் பத்து எழுத்து போதும் என்று வரம்பு வைத்திருப்பீர்கள். திருநாவுக்கரசு என்ற பெயரில் நம் கணக்குப்படி எட்டே எழுத்து. உலாவியின் கணக்கில் 14. அவர் தம் பெயரைத் தட்டும்போது ‘திருநாவுக்’ என்பதோடு பெட்டி நின்றுவிடும். முகப்புப் பக்கத்தில் செய்தித் தலைப்புகளைக் குறிப்பிட்ட நீளத்தில் வெட்டிக் காட்டும் தளங்களிலும் இதே கோளாறு உண்டு. வெட்டு புள்ளிக்கு முன்னால் விழுந்தால் ‘தமிழ்’ என்பது ‘தமிழ’ ஆகிவிடுகிறது.

இதற்கான மருந்து உலாவிக்குள்ளேயே இருக்கிறது. உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை 1995ஆம் ஆண்டு மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதினார். அந்த முதல் வடிவத்தில் உலக மொழிகளின் இலக்கணத்துக்கெல்லாம் இடம் இருக்கவில்லை. பின்னால் 2012இல் ‘இன்டல்’ என்ற பகுதிக்குத் தனித் தர ஆவணம் வெளிவந்தது. வரிசைப்படுத்துவது, தேதி எழுதுவது, எண் எழுதுவது என்று மொழிக்கு மொழி மாறும் வேலைகள் அதற்குள் அடங்கும். அதிலுள்ள ‘செக்மென்டர்’ என்ற கருவிதான் எழுத்தைப் பிரித்துத் தருவது. குரோம் 2020லும் ஃபயர்பாக்ஸ் 2024லும் இதை ஏற்றுக்கொண்டன. தமிழுக்கான இரண்டெழுத்துக் குறி ‘டிஏ’. அதைக் கொடுத்து ஒரு செக்மென்டரை உருவாக்கி, சொல்லை அதனிடம் ஒப்படைத்து, வரும் துண்டுகளை எண்ணினால் தமிழுக்கு மூன்று, திருநாவுக்கரசுக்கு எட்டு. தலைப்பை வெட்டுவதானாலும் இந்தத் துண்டுகளை எண்ணி வெட்டுங்கள். ஆனால் ‘க்ஷ’வை அது இரண்டாகப் பிரிக்கும், அந்த எழுத்து அதிகம் வரும் தளமென்றால் நினைவில் வையுங்கள்.

எண்ணிக்கையைவிடப் பெரிய தொல்லை அகர வரிசை. ஒரு நூலகத்தின் நூற்பட்டியலோ ஊர்ப்பெயர்ப் பட்டியலோ தளத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜாவாஸ்கிரிப்டில் வரிசைப்படுத்த ‘சார்ட்’ என்ற கட்டளை உண்டு. பல், பவளம், பழம், பள்ளி, பறவை, பனி என்ற ஆறு சொற்களை அதனிடம் கொடுத்தால் பனி, பறவை, பல், பள்ளி, பழம், பவளம் என்று திருப்பித் தரும். அகராதியில் கடைசியாக வர வேண்டிய பனி முதலில் வந்து நிற்கிறது. இரண்டாவதாக வர வேண்டிய பவளம் கடைசிக்குப் போய்விட்டது.

காரணம் கொஞ்சம் பழைய கதை. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்கள், 1988ஆம் ஆண்டின் இஸ்கி என்ற இந்தியக் குறியீட்டு முறையைப் பார்த்து அடுக்கப்பட்டவை. இந்திய எழுத்துகள் எல்லாம் தேவநாகரியின் வரிசைக்கு இணையாக நிற்க வேண்டும் என்பது அந்த முறையின் ஏற்பாடு. அதனால்தான் க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. ஜ, ச-வை ஒட்டி வந்தது. ன, ந-வின் பக்கத்தில் உட்கார்ந்தது. ற, ர-வை அடுத்து வந்தது. வ-வுக்கு முன்னால் ள-வும் ழ-வும் நுழைந்தன. புள்ளிக்கோ உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால் இடம் கிடைத்தது. ஆகவே அகராதியில் முதலில் வர வேண்டிய அக்கா, அகத்துக்குப் பின்னால் போகிறாள். வெறும் ‘சார்ட்’ இந்த இட எண்களை மட்டுமே பார்க்கிறது.

பல தளங்களில் இதைச் சரிசெய்ய 247 எழுத்துகளையும் ஒரு பட்டியலாக எழுதி, அதோடு ஒப்பிடும் நீண்ட நிரலை வைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பு வேண்டியதில்லை. ‘இன்டல்’ பகுதியில் ‘கொலேட்டர்’ என்று ஒன்று உண்டு. அதற்கும் ‘டிஏ’ என்ற குறியைக் கொடுத்து, அதன் ஒப்பிடும் செயலை ‘சார்ட்’ கட்டளையின் அடைப்புக்குறிக்குள் வைத்தால் போதும். ஒரே வரி. பல் முதலிலும் பனி கடைசியிலும் வந்துவிடும். அக்காவும் அகத்துக்கு முன்னால் வந்துவிடுவாள். என்னைக் கேட்டால் தமிழ்த் தளங்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஒற்றை வரி வேறு இல்லை.

அடுத்தது தேடல். ‘கொடி’ என்று தேடுகிறீர்கள். பக்கத்தில் அந்தச் சொல் கண்ணெதிரே இருந்தும் கிடைக்கவில்லை என்கிறது தளம். ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு வழி. க-வோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ‘நார்மலைஸ்’ என்ற கட்டளை இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். தேடும் சொல், தேடப்படும் உரை இரண்டுக்கும் அதைப் போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டுவிட்டு விட்டால் பயனில்லை.

அதுவும் தீர்க்காத சிக்கல் ஒன்று இருக்கிறது. ஔவை என்பதை ஒ-வும் ள-வுமாகத் தட்டி ‘ஒளவை’ என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். கண்ட இடமெல்லாம் ‘ஒள’வை ‘ஔ’வாக மாற்றிவிடலாம் என்று தோன்றும், செய்தால் ஒளி கெட்டுவிடும். ஔவை, ஔடதம் போன்ற சில சொற்களுக்கு மட்டும் பட்டியல் வைத்து மாற்றுவதே பத்திரம்.

தேடிய சொல்லைப் பக்கத்தில் திரும்பக் காட்டும்போது ‘இன்னர்ஹெச்டிஎம்எல்’ வழியாகப் போடாதீர்கள். ‘டெக்ஸ்ட்கன்டென்ட்’ வழியாகப் போடுங்கள். முதல் வழியில் வாசகர் தட்டியது நிரலாகவே ஓடிவிடக்கூடும். 2005 அக்டோபரில் சாமி என்ற நிரல்புழு மைஸ்பேஸ் தளத்தில் இருபது மணி நேரத்துக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளில் பரவியது. பயனர் எழுதுவதைப் பக்கத்தில் நிரலாக ஓடவிட்டதன் விளைவு அது.

எண்ணுக்கும் தேதிக்கும் இதே ‘இன்டல்’ கைகொடுக்கும். தமிழோடு இந்தியா என்று சொன்னால் 12,34,567 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி வைக்கும். தமிழோடு சிங்கப்பூர் என்று சொன்னால் 1,234,567. மாதப் பெயரும் கிழமையும் தமிழிலேயே வரும்.

உங்கள் தளத்தில் பட்டியல் ஏதாவது இருந்தால் இன்றைக்கே திறந்து பாருங்கள். பனிக்குப் பிறகு பல் வருகிறதா? அப்படியானால் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.