ஒலிபெருக்கிக்கு ரப்பர்ப் பாதம்

ஆலங்குளம் வட்டாரத்தில் கந்தகம் என்றதும் பட்டாசுதான் நினைவுக்கு வரும். அதே கந்தகத்துக்குச் சத்தமில்லாத வேலையும் உண்டு! வெயிலில் இளகும் கச்சா ரப்பரைக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்று 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார்.

அத்தகைய ரப்பரில் செய்த ஒட்டுப் பாதங்கள் நான்கை அலமாரியிலுள்ள ஒலிபெருக்கியின் அடியில் பதியுங்கள். பாட்டு முழங்கும்போது பெட்டி அதிரும். வழுக்கும் பலகையில் மெல்ல நகர்ந்து விளிம்புக்கும் வந்துவிடலாம். கீழே குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால்? ரப்பர் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். பலகையின் கடகடப்பும் குறையும்.

பாடகர் குரலை அது இனிமையாக்கிவிடாது. அலமாரியின் பக்கவாத்தியத்தைத்தான் அடக்கும். ஒட்டுமுன் தூசியைத் துடையுங்கள். மெருகிட்ட மரத்தில் சிலவகை ரப்பர் கறை விடும். மறைவான ஓரத்தில் முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது.