சொட்டு எண்ணிய காலம்

அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள பவளம் வளர்ப்பவர்கள் ஏராளம். (நம் நாட்டில் கடினப் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது, ஆசைப்பட்டாலும் வைத்துக்கொள்ள முடியாது.) கடினப் பவளம் தன் கூட்டைக் கட்டத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் இழுத்துக்கொள்கிறது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் கால்சியம் உண்டு. கடலுக்கு அந்த இழப்பு உறைக்காது, தொட்டிக்கு உறைக்கும்.

முன்பெல்லாம் தொட்டியின் கால்சியத்தை அளந்தது சிரிஞ்சு. சின்னக் குப்பியில் கொஞ்சம் தொட்டித் தண்ணீர், அதில் துளி நிறப்பொடி, பிறகு சொட்டுச் சொட்டாக ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனக் கரைசல். இளஞ்சிவப்பு ஊதாவாகும், ஊதா நீலமாகும். எந்தச் சொட்டில் நீலமானது என்பதில்தான் தகராறு. மஞ்சள் விளக்கடியில் நிற்கும் கணவருக்கு இன்னும் ஊதா. ஜன்னலோரம் நிற்கும் மனைவிக்கு அது எப்போதோ நீலம்.

நடுவில் கால்சியம் அளக்கும் மின்முனை வந்தது. தண்ணீரில் முக்கினால் திரையில் எண் தெரியும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முனை தருவது மில்லிவோல்ட், அதுவும் மடக்கைக் கணக்கில். கால்சியம் பத்து மடங்கு ஏறினாலும் மின்னழுத்தம் நகர்வது ஏறத்தாழ 29 மில்லிவோல்ட்தான். அப்படியானால் 1 மில்லிவோல்ட் பிசகினாலே 420 என்பது 450-ஐத் தாண்டிவிடும். உப்புத் தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கும் முனை அவ்வளவு பிசகாமல் இருக்குமா? அதைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தே பலருக்கு அலுத்துப்போனது.

இன்றைய கருவி அந்த வழியை விட்டுவிட்டுப் பழைய சொட்டுச் சோதனைக்கே திரும்பியிருக்கிறது. நெப்டியூன் சிஸ்டம்ஸ் நிறுவனம் 2019-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டிரைடென்ட் கருவியில் பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது, ரசாயனத்தைத் துளித்துளியாகச் சேர்க்கிறது, நிறம் மாறும் கணத்தை ஒளி உணரி பிடிக்கிறது. கைப்பேசியில் எண் வந்து விழுகிறது. கணவன் மனைவி தகராறுக்கு இடமில்லை.

ஆனாலும், இப்படி விழுந்தடித்துப் பார்க்க வேண்டிய எண் கால்சியம் அல்ல என்றே சொல்வேன். பவளம் லிட்டருக்கு 7 மில்லிகிராம் கால்சியம் எடுக்கும்போது கார்பனேட்டும் கூடவே போவதால், டிகிரியில் அளக்கும் காரத்தன்மை 1 டிகிரி இறங்குகிறது. 420-இல் 7 குறைந்தால் யார் கண்ணில் படும்? காரத்தன்மையோ கடலிலேயே 7 டிகிரி அளவுதான். அதில் 1 போனால் பவளம் வாடத் தொடங்கலாம். டிரைடென்டைச் செய்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. அவர்கள் வைத்திருக்கும் வழக்கமான அட்டவணைப்படி ஒரு நாளில் காரத்தன்மைக்கு 4 சோதனை, கால்சியத்துக்கு 2. அந்த இரண்டே அதிகம் என்பது என் எண்ணம்.